காணாதார்க்குக் காட்டும் தமிழ்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் வானொலி நேர்முக வருணனையின் தொடரமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் கிரிக்கெட் நேர்முக வருணனை பற்றிய பேச்சு பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகிறது. அகில இந்திய வானொலியின் தமிழ் வருணனையாளராக அறியப்பட்ட சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் பணியை முன்னிறுத்தும் இக்கட்டுரை, அவ்வருணனை மரபின் முதன்மையான சாதனை சொற்களில் அன்று, தொடரமைப்பிலேயே உள்ளது என வாதிடுகிறது. நாடகக் குரலாக வானொலிக்கு வந்தவரின் பயிற்சி, வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் தமிழின் இயல்பு, ஆட்டத்தைக் காண இயலாத கேட்பவரின் நிலை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமாக வருணனை இங்கு நோக்கப்படுகிறது. கேட்கும் இடத்துக்கு எடுத்துக்காட்டாக, சென்னையில் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பம் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: நேர்முக வருணனை, வானொலித் தமிழ், வினையெச்சம், அப்துல் ஜப்பார், துடுப்பாட்டம், ஊரூர் ஒல்காட் குப்பம்

1. வருணனையை உரைநடையாகக் கொள்ளுதல்

இங்கிலாந்தின் வானொலி வருணனையாளர் ஜான் ஆர்லட்டை உரைநடையாளராக ஏற்றுக்கொள்வதில் ஆங்கில உலகுக்குப் பெரிய தயக்கம் இருந்ததில்லை. அதற்கு வசதியான காரணங்கள் இருந்தன. அவர் கவிஞர், பிபிசியின் கீழ்த்திசைச் சேவையில் ஜார்ஜ் ஆர்வெல் வகித்த இலக்கிய நிகழ்ச்சிப் பொறுப்புக்குப் பின்னர் வந்தவர், 1946இல் இந்திய அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது கிரிக்கெட் வருணனைக்குள் நுழைந்தவர். அவருடைய வருணனையை இலக்கியத்தின் நீட்சியாகப் படிப்பது ஆங்கிலத் திறனாய்வுக்கு எளிதாயிற்று. தமிழில் நிலைமை வேறு. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வரலாறுகள் இதழியலைப் பேசுகின்றன, மேடைப்பேச்சைப் பேசுகின்றன, அரிதாக வானொலி நாடகத்தையும் தொடுகின்றன. நாள் முழுதும், ஐந்து நாள்கள் தொடர்ந்து, எழுதப்பட்ட ஏடு எதுவுமின்றிப் பல்லாயிரம் பேருக்குத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்களின் மொழி அவற்றில் ஓர் இயலாக வளரவில்லை.

இதற்கு ஒரு காரணம் வெளிப்படை. வருணனை காற்றில் போயிற்று. நேரடி ஒலிபரப்பாக நிகழ்ந்ததில் பெரும்பகுதி சேமிக்கப்படாமல், கேட்டவர்களின் நினைவிலும் சில ஒலித்துணுக்குகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மற்றொரு காரணம் பார்வை சார்ந்தது. விளையாட்டுத் தமிழ் என்றவுடன் தமிழாய்வு கலைச்சொற் பட்டியலைத் தேடுகிறது: விக்கெட்டுக்கு என்ன சொல், பவுண்டரிக்கு என்ன சொல், அச்சொல் தூய்மையானதா. பட்டியல் தேவையே. ஆனால் வருணனையாளர் பட்டியலைப் படிப்பதில்லை. அவர் தொடர் அமைக்கிறார். அத்தொடர் எவ்வாறு அமைந்தது என்னும் வினாவை எழுப்பாமல் அவரை மதிப்பிட முடியாது.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, இந்தியக் கிரிக்கெட் காலனியப் பிடியிலிருந்து விடுபட்டதைப் பற்றிய தம் கட்டுரையில் (1996இல் வெளியான நூலின் ஓர் இயல்), இந்தி, தமிழ், வங்கம் ஆகிய மொழிகளின் வானொலி வருணனைக்கு முக்கிய இடம் அளிக்கிறார். ஆங்கிலம் அறியாதவர்க்கும் இவ்வாட்டத்தை உரிமையாக்கியதில் வானொலியின் பங்கு பெரிது என்பது அவர் கருத்து. அது மறுக்க இயலாதது. எனினும் அவரது அக்கறை ஊடகமும் தேசமும். ஒரு குறிப்பிட்ட மொழி இவ்வேலைக்காக எப்படி வளைந்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா அன்று. இக்கட்டுரை அவ்விடத்திலிருந்து தொடங்குகிறது.

2. ஒரே கரையில் மூன்று இடங்கள்

சேப்பாக்கம் மைதானம், காமராசர் சாலையில் உள்ள வானொலி நிலையம், ஊரூர் ஒல்காட் குப்பம் ஆகிய மூன்றும் வங்கக் கடலின் ஒரே கரையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக அமைந்தவை. ஆட்டம் நிகழும் இடம், ஒலி புறப்படும் இடம், ஒலி சென்று சேரும் இடங்களுள் ஒன்று என இவற்றை வரிசைப்படுத்தலாம். அடையாற்று முகத்துவாரம் இடையில் வந்து கரையை அறுக்கிறது. 1970களில் இடிந்து, இன்றும் உடைந்த பாலம் என்ற பெயரோடு நிற்கும் பாலம் அவ்வறுப்பின் அடையாளம்.

குப்பம் நகரத்தைவிட மூத்தது. பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தபோதும், அதன் தலைவர் ஒல்காட்டின் பெயர் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டபோதும், பின்னர் பெசன்ட் நகர்க் குடியிருப்புகள் எழுந்தபோதும் இங்கு மீன்பிடித் தொழிலே வாழ்வு. 2015இல் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர்மக்களும் சேர்ந்து தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழா, எந்தக் கலை எந்தத் தெருவில் கேட்கப்பட வேண்டும் என்னும் விவாதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. சபாவின் கதவுக்குள் இருந்த இசை குப்பத்து மேடைக்கு வந்தது செய்தியானது. மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சேப்பாக்கத்தின் நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவர் இடத்துக்கு டெஸ்ட் ஆட்டத்தைக் கொண்டுவந்தது செய்தியாகவில்லை. மேடை போடாமல் நிகழ்ந்தது என்பதால் இருக்கலாம்.

மீனவர்க்கு வானொலி பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. கடலுக்குச் செல்லலாமா கூடாதா என்னும் வானிலை எச்சரிக்கையும் அதே பெட்டியிலிருந்து வந்தது. ஆகவே இங்குள்ள கேட்பவர், கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தின் நிலையைச் சொல்லால் அறிந்து அதன்மேல் முடிவெடுக்கப் பழகியவர். இத்தகைய காதுக்குத்தான் வருணனையாளர் பேசினார்.

3. நாடகக் குரல்

சாத்தான்குளம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஊர். அவ்வூரைப் பெயரின் முன்னொட்டாக வைத்துக்கொண்ட அப்துல் ஜப்பார் இளமையிலேயே இலங்கை வானொலியில் நாடகக் குரலாக ஒலித்தவர். இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதி அக்காலத்தில் ‘சானா’ எனப்பட்ட எஸ். சண்முகநாதன் போன்றோரின் பொறுப்பில் வளர்ந்தது. தமிழகத்துத் தென்கோடிவரை தெளிவாகக் கேட்ட அவ்வொலிபரப்பு, இரு கரைத் தமிழர்க்கும் பொதுவான ஒரு பேச்சுத் தரத்தை உருவாக்கியது. வட்டார வழக்கின் ஓசையை அடக்கி, ஒவ்வோர் எழுத்தையும் முழுமையாக ஒலித்து, ஆனால் ஏட்டை வாசிப்பது போலன்றிப் பேசுவது போல் பேசுவது அத்தரம். ஜப்பாரின் லகர ளகர ழகரத் தெளிவை நினைவுகூர்பவர்கள் அறிந்தோ அறியாமலோ அப்பள்ளியையே பாராட்டுகிறார்கள்.

பின்னர் அவர் தமிழகத்தில் அகில இந்திய வானொலியின் கிரிக்கெட் வருணனையாளர் ஆனார். 1980களில் தமிழ் வருணனை என்றால் வி. ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார், கூத்தபிரான் ஆகிய பெயர்கள் சேர்ந்தே நினைவுக்கு வரும். இவர்களுள் கூத்தபிரானும் வானொலி நாடகத்தோடும் சிறுவர் நிகழ்ச்சியோடும் நெடுங்காலம் பிணைந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. சென்னையின் ஆங்கில வருணனை மரபு வேறு வழியில் வந்தது. 1954-55 பருவத்தில் மதராஸ் அணிக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த தலைவர் பாலு அழகண்ணன் பிற்பாடு ஆங்கில வருணனையாளரானார். ஆடுகளத்திலிருந்து ஒலிவாங்கிக்கு வந்தவர் அவர். ஜப்பாரும் கூத்தபிரானும் ஒலிவாங்கியிலிருந்து ஆடுகளத்துக்கு வந்தவர்கள். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆடியவர், பந்து ஏன் அப்படித் திரும்பியது என்று விளக்குவார். நடித்தவர், திரும்பியதைக் கேட்பவர் காணும்படி செய்வார். தமிழ் வருணனையின் வலிமையும் அதன் குறையும் இங்கிருந்தே பிறக்கின்றன.

குறையை முதலில் சொல்லிவிடலாம். நாடகப் பயிற்சி பெற்ற குரலுக்கு மௌனம் கடினம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடைப்பட்ட வெளியை அணியால் நிரப்பும் விருப்பம் இவ்வகை வருணனைக்கு எப்போதும் உண்டு. அணி நீளும்போது ஓட்ட எண்ணிக்கை பிந்துகிறது. வானொலியை நடுவில் திறந்தவர்க்கு முதலில் வேண்டியது எண்ணிக்கையே. ஜப்பாரின் அலங்காரத் தமிழை வியப்பவர்கள் இதைப் பேசுவதில்லை. நூல்வழி அறியும் மொழிநயத்தை அளவுகோலாக்கி வருணனையை மதிப்பிடுவது, மேடைப்பேச்சை மதிப்பிடும் பழக்கத்தின் எச்சம். அவருடைய உண்மையான திறன் அலங்காரத்தில் இருந்ததாகக் கொள்வது அவரைக் குறைத்து மதிப்பிடுவதே.

அவர் வாழ்வு ஒரே நிலையத்தில் முடியவில்லை. லண்டனிலிருந்து ஒலித்த ஐ.பி.சி. தமிழ் வானொலிக்கும் பணியாற்றினார். ‘காற்று வெளியினிலே’ என்ற நூலில் தம் ஒலிபரப்பு அனுபவங்களை எழுதினார், ‘அழைத்தார் பிரபாகரன்’ அவருடைய ஈழப் பயணத்தை ஒட்டியது, மொழிபெயர்ப்பும் செய்தார். 2020 டிசம்பரில் மறைந்தார். சாத்தான்குளம், கொழும்பு, சென்னை, லண்டன் என்னும் இந்த வழித்தடம், எந்த ஒரு நாட்டின் தமிழையும் மட்டும் பேச இயலாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்லும். இக்கருத்து ஐந்தாம் பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

4. எச்சத்தின் வேலை

காணாதவர்க்குக் களத்தைச் சொல்லிக் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. முல்லைக்கலியின் ஏறுதழுவற் காட்சிகளில் தோழி தலைவிக்குக் களத்தைச் சுட்டிச் சுட்டிச் சொல்கிறாள். ஆனால் தலைவியும் அங்கே இருக்கிறாள்; அவளுக்குத் தேவை காட்சி அன்று, யாரைப் பார்ப்பது என்னும் சுட்டு. வானொலிக்கு நெருக்கமானது கலிங்கத்துப்பரணியின் அமைப்பு. அங்கே காளி போர்க்களத்தில் இல்லை. களத்தைக் கண்டுவந்த பேய் அவளுக்குப் போரை உரைக்கிறது. எனினும் பேய் உரைப்பது முடிந்துபோன போர். முடிவு தெரிந்தவர் கூறும் கதை. வருணனையாளருக்கு முடிவு தெரியாது. தொடரைத் தொடங்கும்போது அது எந்த வினைமுற்றில் சென்று நிற்கும் என்பதை அறியாமலே அவர் தொடங்குகிறார்.

இங்குதான் தமிழின் இயல்பு சிக்கலாகவும் வாய்ப்பாகவும் அமைகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடி போதும். ‘வீசுகிறார்’ என்னும் ஒரு சொல்லை ஒலித்து முடிப்பதற்குள் பந்து மட்டையைக் கடந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடுவதால், நடந்ததைச் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடலாம். தமிழில் விவரம் முன்னே, வினை பின்னே. அதற்குள் வீச்சாளர், மட்டையாளர், பந்து, தடுப்பாளர் என நான்கு எழுவாய்கள் மாறிவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்றுத்தொடர் கொடுத்தால் வருணனை தந்திபோல் வெட்டுண்டு விழும்.

தமிழ் வருணனையாளர்கள் கண்ட வழி வினையெச்சம். கீழ்வரும் தொடர்கள் இக்கட்டுரைக்காக அமைத்த மாதிரிகளே. எவருடைய வருணனையின் மேற்கோளும் அல்ல.

அ) ஓடி வந்து, எகிறி, வீசுகிறார்.

ஆ) அவர் வீச, இவர் முன்காலை நீட்டித் தடுத்தாட, பந்து உருண்டு செல்ல, தடுப்பாளர் குனிந்து எடுத்து, எறிய… ஓட்டம் இல்லை.

முதல் தொடரில் எழுவாய் ஒன்றே. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சங்கள் அடுக்கி வருகின்றன. இரண்டாம் தொடரில் எழுவாய் மாறும் இடமெல்லாம் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் வருகிறது. எழுவாய் மாறாத இடத்தில் மட்டும் ‘நீட்டி’, ‘உருண்டு’, ‘குனிந்து’, ‘எடுத்து’ என ‘செய்து’ வாய்பாடு. ‘செய்து’ முதலான எச்சங்கள் தம் வினைமுதலைக் கொண்டே முடிய வேண்டும், ஏனையவை பிற வினைமுதலையும் ஏற்கும் என்று தொல்காப்பிய வினையியல் வகுத்த வேறுபாடு இது. வகுப்பறையில் மனப்பாடத்துக்கு உரியதாகக் கருதப்படும் இவ்விதி, சேப்பாக்கத்தின் வருணனைக் கூடத்தில் ஒவ்வொரு பந்துக்கும் வேலை செய்தது. கேட்பவர் ‘வீச’ என்ற அகர ஈற்றைக் கேட்டவுடன் கண்ணை வீச்சாளரிடமிருந்து எடுத்து மட்டையாளர்மேல் வைக்கிறார். காமிரா கோணம் மாறுவதற்கு நிகரான வேலையை ஓர் உயிரெழுத்து செய்துவிடுகிறது.

இன்னொன்றும் இவ்வமைப்பில் உண்டு. எச்சம் முடிவைத் தள்ளிப்போடுகிறது. 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியா 348 ஓட்டங்களைத் துரத்திய கடைசி ஓவரை எண்ணிப் பார்க்கலாம். கிரெக் மேத்யூஸ் வீசுகிறார். ரவி சாஸ்திரி ஓட்ட எண்ணிக்கையைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போய்விட்டார். எதிர்கொள்வது மணிந்தர் சிங். பந்து காலில் படுகிறது, முறையீடு எழுகிறது, நடுவர் விக்ரம்ராஜு கையை உயர்த்துகிறார். இந்தியா 347, ஆட்டம் சமன். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருமுறை, 1960இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்த முடிவு. ‘பந்து வர, ஆட முயல, காலில் பட, அனைவரும் கைதூக்கி முறையிட, நடுவர்…’ என்று இதைத் தமிழில் சொல்ல நேரும் ஒருவர் செயற்கையாகப் பதற்றத்தை உண்டாக்க வேண்டியதில்லை. மொழியே வினைமுற்றைக் கையில் மறைத்து வைத்திருக்கிறது. கேட்பவர் மூச்சை அடக்குவது வருணனையாளரின் குரல் உயர்ந்ததால் மட்டும் அன்று; தொடர் இன்னும் முடியவில்லை என்பதாலும்தான்.

நாடகத்தில் பயின்றவர்க்கு இந்த இடம் பழக்கமானது. வானொலி நாடகத்திலும் கதவு திறப்பதைச் சொல்லிவிட்டு, நுழைபவர் யார் என்பதை ஒரு நொடி தள்ளிவைப்பார்கள். ஜப்பார் போன்றோரின் குரல், எச்சத்தின் ஈற்றில் தாழாமல் சமமாக நின்று, முற்றில் மட்டும் இறங்குவது அப்பயிற்சியின் பயன் எனக் கொள்ளலாம். இது எழுத்தில் தெரியாது. எழுத்துப்பெயர்ப்பை மட்டும் வைத்து வருணனையை ஆராய்வது, சுரக்குறிப்பை வைத்துக்கொண்டு பாடகரின் குரலை மதிப்பிடுவதற்கு ஒப்பு.

5. துடுப்பும் காற்றும்: பெயர்ச்சொல்லின் சிக்கல்

வினையில் இத்தனை வளம் காட்டிய வருணனை, பெயரில் அந்த அளவு துணியவில்லை. மட்டை, பந்து, ஓட்டம், ஆட்டமிழப்பு, எல்லைக்கோடு, சுழற்பந்து, வேகப்பந்து ஆகியவை நிலைபெற்றன. ‘ஆட்டமிழந்தார்’ இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது: ஆங்கிலத்தில் வெளியேற்றத்தைக் குறிக்கும் இடத்தில் தமிழ் இழப்பைச் சொல்கிறது. ஆனால் களத்தின் திசைகளுக்கு வந்தவுடன் ஆங்கிலம் அப்படியே நின்றது. மிட்-ஆன், மிட்-ஆஃப், கவர், பாயின்ட், கல்லி, ஸ்லிப். இவற்றை மொழிபெயர்க்காமல் விட்டது தோல்வி என்று தூய்மை வாதிகள் குறைகூறுவது உண்டு.

அக்குறை முழுவதும் சரியன்று. இச்சொற்கள் திசைகளைச் சுட்டுவனபோல் தோன்றினாலும் நிலையான திசைகள் அல்ல. இடக்கை மட்டையாளர் வந்தால் களமே கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டுவிடும். மட்டையாளரின் உடலிலிருந்து அளக்கப்படும் இடங்களுக்கு ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்னும் தமிழ் குழப்பத்தையே தரும். அதனால்தான் வருணனை, நிலையான திசைக்கு வேறொரு வழியை நாடியது: மைதானத்தின் முனைகள். வீச்சாளர் அண்ணா பெவிலியன் முனையிலிருந்து வருகிறாரா, பட்டாபிராமன் நுழைவாயில் முனையிலிருந்து வருகிறாரா என்று முதலில் சொல்லிவிட்டால் கேட்பவருக்குள் களம் நிலைகொள்கிறது. சேப்பாக்கத்துக்குள் கால்வைத்திராத பலர்க்குப் பட்டாபிராமன் நுழைவாயில் தெரிந்த இடமாயிற்று.

கேட்கும் இடத்திலிருந்து நோக்கினால் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. ஊரூர்க் கடற்கரையின் தொழில்மொழியில் திசை வெறும் திசையன்று. காற்றும் நீரோட்டமுமாக அது வாழ்கிறது. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இக்குப்பத்து மூத்த மீனவர் பாளையத்தின் காற்று, கடல் குறித்த அறிவை நித்தியானந்த் ஜெயராமன் அவரோடு சேர்ந்து பதிவுசெய்திருப்பது இத்துறையில் பயனுள்ள முன்முயற்சி. சங்க அகப்பாடல்களில் பிரிவின் காற்றாக வீசும் வாடை இங்கே வலை இறக்கலாமா என்று முடிவுசெய்யும் சொல். கொண்டலும் அவ்வாறே, அகராதியில் கீழ்காற்று எனக் காணப்படுவது, கரையில் அன்றாடக் கணக்கு.

சேப்பாக்கத்தில் பிற்பகலில் எழும் கடற்காற்றை வருணனையாளர்கள் அடிக்கடி குறிப்பிடுவர். பந்தின் அலைவை அது மாற்றும் என்பது ஆட்டத்தின் பொது அறிவு. அதே கடற்காற்று குப்பத்தையும் தொடுகிறது. வருணனைக் கூடத்தில் அது ‘கடற்காற்று’. கரையில் அதற்குத் திசையும் பருவமும் பலமும் அடங்கிய பெயர் இருக்கிறது. தமிழ் வருணனை ஒருபுறம் ஆங்கிலத்திடமும் மறுபுறம் செந்தமிழிடமும் கடன் வாங்கியதே தவிர, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் தொழில்மொழியிடம் கேட்கவில்லை. இது ஜப்பாரின் தனிக்குறை அன்று. நிலையத் தமிழ் எனப்பட்ட தரம், உழவர்க்கும் மீனவர்க்கும் நிகழ்ச்சி வழங்கியபோதும், அவர்கள் சொல்லைத் தன் பொதுத்தமிழுக்குள் எளிதில் எடுத்துக்கொள்ளவில்லை.

இலங்கைத் தமிழ் இதற்கு மாறாக ஒன்றைச் செய்துவிட்டிருக்கிறது. அங்கே மட்டைக்குத் துடுப்பு என்று பெயர், மட்டையாளர் துடுப்பாட்ட வீரர், தடுப்பாட்டம் களத்தடுப்பு. துடுப்பு படகின் கருவி. வடிவ ஒப்புமையால் பிறந்த இச்சொல், கடலோர வாழ்வில் இருந்து கிரிக்கெட்டுக்கு எளிதாக ஏறிவிட்டது. தமிழகத்துச் செய்தித்தாள் வாசகருக்கு அது இன்றும் அயலாகத் தோன்றும்; விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பக்கங்களில் துடுப்பாட்டம் என்று கண்டு வியப்பவர்கள் உண்டு. ஆனால் ஊரூர்க் குப்பத்தின் கரையில் நின்று கேட்டால், ‘மட்டை’யைவிடத் ‘துடுப்பு’ கைக்கு நெருங்கிய சொல். கொழும்பில் தொடங்கிச் சென்னைக்கு வந்து லண்டனில் ஈழத்தமிழ்க் கேட்பவரைச் சந்தித்த ஜப்பாரின் வழித்தடத்தில் இவ்விரு சொல்மரபுகளும் எதிரெதிரே நின்றிருக்கும். சென்னையில் மட்டை, லண்டனில் துடுப்பு என ஒரு வருணனையாளர் தம் கேட்பவரை எண்ணிச் சொல்லை மாற்ற வேண்டிய நிலை, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தைத் தலைநகர்க் குழுக்களின் வேலையாகவே பார்க்கும் பார்வைக்கு நல்ல மறுப்பு. இரு சொல்லிலும் எச்சங்கள் மாறவில்லை. ‘வீச’, ‘ஆட’, ‘உருள’ ஆகியவை இரு கரையிலும் ஒன்றே.

6. ‘-ஆர்’

வங்க வானொலியில் அஜய் பாசுவும் கமல் பட்டாச்சார்யாவும், இந்தியில் ஜஸ்தேவ் சிங்கும் சுஷில் தோஷியும் பெற்ற புகழோடு தமிழ் வருணனையாளர்களை ஒப்பிட்டு ஆராய வேண்டிய தேவை உண்டு. அத்தகைய ஒப்பீட்டில் தமிழுக்கே உரிய ஒரு கூறு விடுபடக்கூடாது: உயர்வுப் பன்மை விகுதி. வீட்டிலும் தெருவிலும் ஆட்டத்தைப் பேசுபவர் ‘அடிச்சான்’, ‘போயிட்டான்’ என்பார். நேசத்தின் மிகுதியிலும் ‘-ஆன்’தான், கோபத்திலும் அதுவே. வானொலியில் ஒவ்வொருவரும் ‘-ஆர்’. பதினெட்டு வயதுப் புதியவரும் அவ்வாறே, எதிரணித் தலைவரும் அவ்வாறே, பூஜ்யத்தில் ஆட்டமிழந்தவரும் அவ்வாறே.

இதை நிலையத்தின் நாகரிகம் என்று எளிதாகக் கடந்துவிடலாம். ஆயினும் தமிழில் ஒருவரைப் படர்க்கையில் பேசும்போது மரியாதையைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. வினைமுற்று தோறும் தேர்வு செய்தாக வேண்டும். இந்திய வீரர்க்கு ‘-ஆர்’, பாகிஸ்தான் வீரர்க்கு ‘-ஆன்’ என்று எந்தத் தமிழ் வருணனையும் பிரித்ததில்லை. 1997 மே மாதம் சயீத் அன்வர் சேப்பாக்கத்தில் 194 ஓட்டங்கள் எடுத்தபோது, ஒருநாள் ஆட்டத்தில் அதுவே அன்றைய உலகச் சாதனை. 1999 ஜனவரியில் அதே மைதானத்தில் டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றபோது, வென்ற பாகிஸ்தான் அணிக்காகக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சென்னை ரசிகரின் அறிவார்ந்த பண்பு என்று இந்நிகழ்வு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. சற்று மிகையாகவே எழுதப்பட்டுவிட்டது எனலாம். கைதட்டலுக்கு வருணனையே காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் தமிழ் வருணனையைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, எதிரணியின் ஒவ்வொரு செயலையும் மரியாதை விகுதியோடு கேட்டே வளர்ந்தது என்பது மொழியியல் உண்மை. பண்பைப் பற்றி எழுதியவர்கள் இலக்கணத்தைக் கவனிக்கவில்லை.

ஜப்பாரின் குரலில் இவ்விகுதி கூடுதல் பொருள் பெற்றிருக்க வாய்ப்புண்டு. இந்தியா பாகிஸ்தான் ஆட்டம் ஒன்றைத் தமிழ் முஸ்லிம் ஒருவர் பொதுத்துறை வானொலியில் வருணிக்கும்போது, அவருடைய சார்பின்மையைக் கேட்பவர் சிலர் தேடியிருக்கவும் கூடும். யாவர்க்கும் ஒரே ‘-ஆர்’ என்னும் நிலைய வழக்கு அங்கே ஒரு காப்பாகவும், அதே நேரத்தில் ஓர் உரிமையாகவும் அமைந்தது. குரலின் உரிமையாளர் யார் என்று கேளாமல், சொல்லப்படுவதைக் காண வைக்கும் தொடரமைப்பு அவருக்குக் கைகொடுத்தது.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபின் முன்னாள் வீரர்களும் திரைத்துறையினரும் பங்குகொள்ளும் தொலைக்காட்சி வருணனை பரவலாயிற்று. பந்து கண்முன் தெரிவதால் ‘வீச, ஆட, உருள’ தேவைப்படவில்லை. எச்ச அடுக்கு மறைந்து, அதன் இடத்தில் கருத்தும் கேலியும் பேச்சுத்தமிழும் வந்தன. மரியாதை விகுதியும் இப்போது பேச்சு வழக்கின் ‘-ஆரு’வாகவும், நெருக்கம் கூடும்போது ‘-ஆன்’ ஆகவும் ஊசலாடுகிறது. இதை வீழ்ச்சி என்பது பொருந்தாது. வேறு ஊடகம், வேறு கேட்பவர். ஆயினும் பார்வையற்ற ரசிகர்க்கும், படகில் இருந்துகொண்டு காதால் மட்டும் ஆட்டத்தைத் தொடர்பவர்க்கும் இவ்வருணனை முழுமையாகப் பயன்படாது.

வானொலி வருணனையின் பதிவுகளைத் தேடுவோர் நிலையத்தின் பெட்டகத்தோடு நிற்கக்கூடாது. 1980களில் வீட்டு டேப் ரெக்கார்டரில் ஆட்டத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்யும் பழக்கம் தமிழகத்திலும் இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்தது. அந்நாடாக்களின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றில் ஒரு முழு ஓவராவது கிடைக்குமானால், இங்கு மாதிரித் தொடர்களைக் கொண்டு கூறப்பட்ட எச்சவரிசையை உண்மைக் குரலில் எண்ணிப் பார்க்கலாம்: ஒரு பந்துக்கு எத்தனை எச்சம், எந்த ஈற்றில் குரல் நின்றது, முற்று எத்தனை விநாடி பிந்தி வந்தது.